அரையாண்டுப் பட்டியல் போடுவது எப்படி: இண்டி, பாப் ஆல்பங்களுக்கான வழிமுறை

ஜூன் கடைசியில் உட்கார்ந்து, “இந்த வருஷம் இதுவரை பிடித்த ஆல்பங்கள்” என்று எழுத ஆரம்பித்தால், மே மாதமும் ஜூன் மாதமும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். ஜனவரியில் மூன்று வாரம் விடாமல் கேட்ட ஆல்பத்தின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வராது. பட்டியல்கள் கோணலாவது பெரும்பாலும் இங்கேதான். ரசனையில் குறை இருக்காது; எந்த ஆல்பத்தை எப்போது, எத்தனை தடவை, எந்த நிலையில் கேட்டோம் என்ற கணக்கு இருக்காது. அந்தக் கணக்கை ஜனவரி முதல் வாரத்திலிருந்து எப்படி வைத்துக்கொள்வது, அதிலிருந்து பத்து ஆல்பங்களை எப்படி எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். பாதி வருஷம் ஏற்கனவே போய்விட்டதென்றால் ஆறு வாரத்தில் முடிக்கும் சுருக்கு வழியும் உண்டு. அதையும் சொல்கிறோம்.

எல்லைக்கோடு போடுங்கள்

எது கணக்கில் வரும், எது வராது என்பதைக் கேட்க ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள். பிறகு முடிவெடுத்தால், பிடித்த ஆல்பத்துக்காக விதியை வளைக்கத் தோன்றும்.

தேதி: முழு ஆல்பம் வெளியான நாள்தான் கணக்கு. அதிலுள்ள சிங்கிள்கள் (ஆல்பத்துக்கு முன்பே தனியாக வரும் பாட்டுகள்) போன வருஷமே வந்திருக்கலாம், அது பரவாயில்லை. சிக்கல் வருவது பழைய ஈ.பி. (ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு) ஒன்றை விழுங்கிக்கொண்டு வரும் ஆல்பத்தில். 2025 ஏப்ரல் 11-இல் வந்த போன் ஐவரின் ‘சேபிள், ஃபேபிள்’ அப்படிப்பட்டது. அதன் முதல் பகுதி 2024 அக்டோபரிலேயே தனி ஈ.பி.யாக வந்துவிட்டது. இதற்கு நல்ல அளவுகோல் கிராமி விருது வைத்திருக்கும் விதி: ஆல்பத்தின் மொத்த நேரத்தில் 75 சதவீதத்துக்கு மேல் புதிய பதிவாக இருக்க வேண்டும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம்: ஆப்பிளின் இசைக்கடை வழக்கப்படி ஏழு பாட்டு இருந்தாலோ 30 நிமிஷத்தைத் தாண்டினாலோ ஆல்பம், நாலு முதல் ஆறு பாட்டு, 30 நிமிஷத்துக்குள் என்றால் ஈ.பி. நேரத்தை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். பிங்க்பாந்தரஸின் ‘ஃபேன்சி தட்’ ஒன்பது பாட்டு, ஏறக்குறைய 20 நிமிஷம்தான். ஆனால் அது முழுமையான படைப்பாகவே ஓடுகிறது. பாப் இப்போது குறுகிக்கொண்டு வருகிறது. 25 நிமிஷத்துக்குக் கீழே என்பதற்காக ஒன்றைத் தள்ளினால் இழப்பு பட்டியலுக்குத்தான்.

டிசம்பர்: வருஷக் கடைசிப் பட்டியல்கள் பெரும்பாலும் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் முதல் வாரங்களிலும் வந்துவிடுகின்றன. அதன் பிறகு வரும் ஆல்பம் எந்த வருஷத்திலும் சேராமல் தொங்கும். பியான்சே தன் பெயரையே தாங்கிய ஆல்பத்தை முன்னறிவிப்பு இல்லாமல் 2013 டிசம்பர் 13-இல் வெளியிட்டார்; சிஸ்ஸாவின் ‘எஸ்.ஓ.எஸ்.’ 2022 டிசம்பர் 9-இல் வந்தது. அதனால் ஜனவரி 1-க்குப் பதிலாக முந்தைய டிசம்பர் 1-இலிருந்து கணக்கைத் தொடங்குவது நியாயம். தொடங்கும் தேதியைப் பட்டியலின் தலையில் வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள்.

டீலக்ஸ் பதிப்புகள்: முதல் நாள் வந்த பாட்டுகளை மட்டும் எடைபோடுங்கள். சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ 2024 ஜூன் 7-இல் 15 பாட்டுகளோடு வந்தது. மூன்று நாளில் மேலும் மூன்று பாட்டு சேர்த்து ஒரு பதிப்பு, அக்டோபரில் ரீமிக்ஸ் தொகுப்பு ஒன்று. டெய்லர் ஸ்விஃப்டின் ‘த டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ 2024 ஏப்ரல் 19-இல் 16 பாட்டாக வந்து, இரண்டே மணி நேரத்தில் 31 பாட்டாக நீண்டது. எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்று குறித்து வைக்காவிட்டால் ஜூனில் நீங்களே குழம்புவீர்கள்.

‘இண்டி’ என்ற சொல்லையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது அந்தச் சொல்லுக்குப் பெரிய கம்பெனிகளின் வலையமைப்புக்கு வெளியே விநியோகமாகும் இசைத்தட்டு என்று பொருள். இன்று அது ஓசையின் பெயராகவும் ஆகிவிட்டது. லேபிளை, அதாவது இசையை வெளியிடும் கம்பெனியை, வைத்துப் பிரித்தால் வேடிக்கையான முடிவுகள் வரும். அடெலின் ‘21’ பிரிட்டனில் எக்ஸ்.எல். என்ற சுயேச்சை லேபிளில் வந்தது; அதை யாரும் இண்டி என்று சொல்வதில்லை. அதே எக்ஸ்.எல்.லில் தொடங்கிய வேம்பயர் வீக்கெண்ட் 2019 முதல் சோனியின் கொலம்பியாவில் இருக்கிறது. அதை இண்டி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பரிந்துரை: இரண்டையும் ஒரே பட்டியலில் வையுங்கள். பிரித்து ஐந்து ஐந்தாகப் போட்டால் ஒரு பக்கத்தில் ஆறாவது நல்ல ஆல்பம் வெளியே நிற்க, மறுபக்கத்தில் சுமாரானது உள்ளே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வேலை

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. அதற்கு முன் நாட்டுக்கு நாடு நாள் வேறு. ஆக வாரம் ஒருமுறை, வெள்ளி அன்று 15 நிமிஷம் ஒதுக்கினால் பெரும்பகுதி வலையில் சிக்கிவிடும். ஆனால் பேட் பன்னி 2025-இல் தன் ஆல்பத்தை ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார். சின்டி லீயின் ‘டயமண்ட் ஜூபிலி’ 2024 மார்ச்சில் வந்தபோது பெரிய ஸ்ட்ரீமிங் தளம் எதிலும் இல்லை; யூடியூபில் இரண்டு மணி நேர ஒற்றை வீடியோவாகவும், எளிய இணையப் பக்கம் ஒன்றில் பதிவிறக்கமாகவும்தான் கிடைத்தது. அந்த வருஷத்தின் மிக அதிகமாகப் பேசப்பட்ட இண்டி ஆல்பங்களில் அது ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது வந்ததே தெரியாது. எனவே திங்கட்கிழமை இன்னொரு ஐந்து நிமிஷம்.

தேடும் இடங்கள் மூன்று வகையாக இருக்கட்டும். ஒன்று, ஸ்ட்ரீமிங் தளத்தின் புது வெளியீட்டுப் பக்கம். ஸ்பாட்டிஃபையின் ‘ரிலீஸ் ரேடார்’ வெள்ளிதோறும் புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் அது தருவது தனிப் பாட்டுகள், அதுவும் பெரும்பாலும் நீங்கள் ஏற்கனவே கேட்கும் ஆட்களுடையவை. இரண்டு, லேபிள்கள். மனதுக்குப் பிடித்த ஐந்து இண்டி ஆல்பங்களின் லேபிள் பெயரைப் பார்த்து, அந்த லேபிள்களை, கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பின்தொடருங்கள். புதியது வந்தால் மின்னஞ்சல் வரும். இண்டியைப் பொறுத்தவரை செயலியின் கணிப்பைவிட லேபிளின் தேர்வு நம்பகமானது. நல்ல லேபிள் என்பது ஒரு காது, அவ்வளவுதான். மூன்று, ஒரு மனிதர்: வானொலித் தொகுப்பாளரோ விமர்சகரோ, உங்களோடு பாதி ஒத்துப்போகிறவர். முழுக்க ஒத்துப்போகிறவரால் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

கணக்குத் தாளில் இந்தப் பத்திகள் போதும்: வெளியான தேதி, கலைஞர், ஆல்பம், லேபிள், பாட்டு எண்ணிக்கை, நிமிஷம், எங்கே தெரிந்துகொண்டது, கேட்ட தேதிகள் நாலு, தங்கிய பாட்டுகள், ஒரு வரிக் குறிப்பு. நட்சத்திரத்துக்கும் மார்க்குக்கும் பத்தி வேண்டாம். காரணம் பிறகு வரும். பழைய ஆல்பம் ஒன்றை இந்த வருஷம்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால் ‘பிந்திக் கேட்டவை’ என்று வேறொரு தாளில் எழுதுங்கள். சாப்பெல் ரோனின் முதல் ஆல்பம் 2023 செப்டம்பரில் வந்தது. பெரும்பாலானோர் காதுக்கு எட்டியது 2024-இல். அப்படிப்பட்டதைப் புதுப் பட்டியலில் திணிக்காமல் இருக்க இந்தத் தாள் உதவும்.

நேரக் கணக்கு இப்படி: வாரம் மூன்று ஆல்பம், 26 வாரத்தில் 78. ஆல்பத்துக்குச் சராசரி 40 நிமிஷம் என்றால் முதல் கேட்புக்கு மட்டும் 52 மணி நேரம். அதில் 25 ஆல்பம் மேலே போகும். அவற்றை இன்னும் மூன்று தடவை கேட்க 50 மணி நேரம். மொத்தம் 102 மணி, அதாவது வாரத்துக்கு நாலு மணி நேரம். இதைவிட அதிகமாக அள்ளிப்போட்டுக்கொள்கிறவர்கள் வழக்கமாக மார்ச்சில் சோர்ந்துவிடுகிறார்கள். வாரம் பத்து ஆல்பத்தை அரைகுறையாகக் கேட்பதைவிட மூன்றை முழுசாகக் கேட்பது மேல்.

செயலியைச் சரிசெய்வது

ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்க வேண்டுமானால் சிலவற்றை அணைத்தாக வேண்டும். பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் முதலில். 2021 நவம்பரில், அடெலின் ‘30’ வந்த வேளையில், அவர் கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் கட்டணச் சந்தாதாரர்களுக்கு ஷஃபிளை முன்னிருப்பிலிருந்து எடுத்தது. இருந்தும், முந்தைய பிளேலிஸ்ட்டில் நீங்கள் போட்டுவிட்ட ஷஃபிள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரலாம். அடுத்து ஆட்டோபிளே. அது இருந்தால் ஆல்பம் முடிந்ததும் வேறு யாரோ பாட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசிப் பாட்டு விட்டுச்செல்லும் அமைதி கெட்டுவிடும். கிராஸ்ஃபேடை சுழியத்தில் வையுங்கள். பாட்டும் பாட்டும் கலந்து தேய்ந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியில்லாமல் போகும்படி கலைஞர் அமைத்த இணைப்பு குலைந்துபோகும். ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரும் வேண்டாம்.

ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி மட்டும் இயங்கட்டும். இதைப் பலர் தூய்மைவாதத்தால் அணைக்கிறார்கள், ஆனால் ஒப்பிடும் வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். சத்தமாக ஒலிப்பது நன்றாக ஒலிப்பதுபோல் காதுக்குத் தோன்றும். ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே அளந்து காட்டியது இது: ஒலியளவு குறையக் குறைய கீழ்ஸ்தாயியும் மிக உச்ச ஸ்தாயியும் காதுக்கு முதலில் மங்கிவிடும். பாப் ஆல்பங்கள் மாஸ்டரிங் எனும் கடைசி ஒலிச் சீரமைப்பில் உரக்க வைக்கப்படுகின்றன. வீட்டு அறையில் பதிவான இண்டி ஆல்பம் பல நேரம் மெல்லியதாக இருக்கும். சமப்படுத்தாமல் அடுத்தடுத்துக் கேட்டால் இண்டி ஆல்பம் சோகையாகத் தெரியும். பாட்டில் குறை இருக்காது, ஒலியளவில்தான் வித்தியாசம்.

ஸ்பாட்டிஃபை சமப்படுத்தும் சாதாரண நிலை -14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் ஒலியளவின் அலகு), ஆப்பிள் மியூசிக்கின் ‘சவுண்ட் செக்’ -16. இரண்டு டெசிபல் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தீர்ப்பை மாற்றப் போதுமானது. எனவே ஒப்பிடும் கேட்பு எல்லாம் ஒரே தளத்தில், ஒரே ஹெட்ஃபோனில். ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாகப் போட்டால் முழு ஆல்பத்தையும் ஒரே அளவில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். அதே பாட்டுகளை பிளேலிஸ்ட்டில் போட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமப்படுத்தும், ஏற்ற இறக்கம் தட்டையாகும். ஆல்பத்தின் பாட்டுகளை உங்கள் பிளேலிஸ்ட்டுக்கு நகர்த்திக் கேட்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒலித்தரத்தைத் ‘தானியங்கி’யில் விடாதீர்கள், சிக்னல் குறையும்போது தரமும் இறங்கிவிடும். பதிவிறக்கம் செய்து கேட்பது எளிய தீர்வு. கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி ஏறக்குறைய கிடையாது, முதல் கேட்புக்கு அது ஆகாது.

நாலு தடவை, நாலு விதமாக

முதல் தடவை: முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, இடையில் நிறுத்தாமல். திரையைக் கவிழ்த்து வையுங்கள். விமர்சனம் எதையும் இதற்கு முன் படிக்க வேண்டாம். எழுதுவது ஒன்றே ஒன்று: கை தானாக நின்ற இடத்தின் பாட்டு எண்ணும் நிமிஷமும். “4 — 2:10” என்றால் போதும். விளக்கம் எழுத ஆரம்பித்தால் அடுத்த பாட்டு காதில் விழாது. முடிந்ததும், “இன்னொரு தடவை கேட்பேனா?” என்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் ஆம் என்றே எழுதுங்கள். எரிச்சல் ஊட்டிய ஆல்பத்துக்கும் ஆம்தான். எரிச்சல் என்றால் ஏதோ ஒன்று பிடித்து இழுத்திருக்கிறது. ஒன்றுமே தோன்றாததைத்தான் விட வேண்டும்.

இரண்டாம் தடவை: இரண்டு, மூன்று நாள் கழித்து, பாடல் வரிகளைப் பார்த்துக்கொண்டே. வரி முன்னால் இருக்கும்போது மெட்டின் பலவீனம் மறைந்துவிடும், அதனால்தான் முதல் தடவையில் வரி வேண்டாம். இப்போது பாட்டை எழுதியவர்கள், தயாரித்தவர்கள் பெயரையும் பாருங்கள். ஒரே தயாரிப்பாளர் முழுதும் செய்ததா, பாட்டுக்கொருவரா என்பது ஆல்பம் ஒரே உடலாக நிற்கிறதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில்.

மூன்றாம் தடவை: வேறு வேலையோடு. நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது. எந்த இடத்தில் கவனம் தானாகத் திரும்புகிறது என்று பாருங்கள். பாப் ஆல்பத்துக்கு இது முக்கியமான சோதனை. அரைக் கவனத்தில் கேட்கும் காதையும் எட்டிப் பிடிக்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்யத் தவறினால் அதுவும் ஒரு குறைதான்.

நாலாம் தடவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் அந்த ஆல்பத்தைத் தொடாதீர்கள். பிறகு எதையும் போடாமல், நினைவிலிருந்து முணுமுணுக்க முடிகிற பாட்டுகளை எழுதுங்கள். பத்துப் பாட்டில் மூன்று வந்தால் நல்ல ஆல்பம். ஐந்து வந்தால் பட்டியலில் மேலே போகும். மெட்டைவிட ஓசையால் நிற்கும் இண்டி ஆல்பங்களுக்கு முணுமுணுப்புச் சோதனை அநியாயம் செய்யும். அவற்றுக்கு, “அதன் காற்று நினைவிருக்கிறதா, அங்கே திரும்பிப் போகத் தோன்றுகிறதா?” என்று கேளுங்கள். அதன் பிறகே ஆல்பத்தைப் போடுங்கள்.

இந்த எண்ணிக்கை ஒழுக்கம் ஏன் தேவை என்றால், திரும்பத் திரும்பக் கேட்பதே பிடிக்க வைத்துவிடும். உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-இல் எழுதிக் காட்டியது இது: வெறும் பழக்கமே விருப்பத்தைக் கூட்டும். பதினைந்து தடவை கேட்ட ஆல்பத்தையும் இரண்டு தடவை கேட்டதையும் ஒப்பிட்டால் பதினைந்துதான் ஜெயிக்கும், தரம் எதுவானாலும். எனவே இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொன்றும் நாலு தடவையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டீர்களா, தாராளமாக. ஆனால் தாளில் எண்ணிக்கை இருக்கட்டும்.

சிங்கிள்களின் தொல்லை இதே வகை. ஆல்பத்துக்கு முன் மூன்று, நாலு பாட்டு வந்துவிடும். நீங்கள் விரும்பாவிட்டாலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆல்பத்தில் அவை வரும்போது பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருக்கும், மற்றவை அந்நியமாகத் தெரியும். பில்லி ஐலிஷ் 2024 மே 17-இல் ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’ ஆல்பத்தை முன்கூட்டி ஒரு சிங்கிளும் விடாமல் வெளியிட்டார். பத்துப் பாட்டும் ஒரே நாளில் ஒரே தூரத்தில் நின்றன. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. எனவே உங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம்: இரண்டாம் தடவைக் குறிப்பில் சிங்கிள்களை அடித்துவிட்டு, மிச்சப் பாட்டுகளை மட்டும் வைத்து ஆல்பம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உங்களுக்குப் பிடித்திருப்பது மூன்று பாட்டுதான். அது குற்றமில்லை, அவற்றுக்குப் பாட்டுப் பட்டியல் தனியாகப் போடலாம்.

ஒரே தராசு

பாப்பையும் இண்டியையும் எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒன்றை உண்மையானது என்றும் மற்றதைச் செய்யப்பட்டது என்றும் பிரித்துவிட்டால் காது வேலைசெய்வதை நிறுத்திவிடும். இரண்டும் செய்யப்பட்டவைதான். கரகரப்பான டேப் ஒலியும் ஒரு தேர்வு. பன்னிரண்டு அடுக்காகக் குரலை அடுக்குவதும் ஒரு தேர்வு. கேட்க வேண்டியது, அந்தத் தேர்வு பாட்டுக்கு என்ன செய்கிறது என்பதை.

பாப்பில் கவனிக்க: கோரஸ் எத்தனையாவது நொடியில் வருகிறது, வருவதற்கு முன் என்ன விலக்கப்படுகிறது. பல பாட்டுகளில் கோரஸுக்குச் சற்று முன் டிரம்ஸோ கீழ்ஸ்தாயியோ ஒரு கணம் காணாமல் போகும். அந்த வெற்றிடம்தான் கோரஸைத் தூக்கிக் காட்டுகிறது. இரண்டாம் சரணத்தில் புதிதாக என்ன சேர்கிறது? ஒன்றும் சேரவில்லையென்றால் பாட்டு பாதியிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிரிட்ஜ் எனும் திருப்பம் இருக்கிறதா? இரண்டரை நிமிஷப் பாட்டுகளில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

இண்டியில் கவனிக்க: குரல் எவ்வளவு அருகில் வைக்கப்பட்டிருக்கிறது, வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றனவா, வரிகளில் பொருள்களும் இடங்களும் இருக்கின்றனவா அல்லது மனநிலைப் பெயர்கள் மட்டுமா. இண்டியின் வழக்கமான நோய், எல்லாப் பாட்டும் ஒரே வேகத்திலும் ஒரே சாயலிலும் இருப்பது. இதைப் பிடிக்க எளிய வழி: பாட்டுகளின் முதல் 15 நொடியை மட்டும் வரிசையாகக் கேளுங்கள். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால் மூன்றாவது பாட்டில் தோன்றிய சலிப்புக்குக் காரணம் அதுதான்.

இரண்டுக்கும் பொதுவான சோதனை நடுப்பகுதி. எல்.பி. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்தைச் சற்றுத் தாண்டித்தான் நல்ல ஒலியோடு அடக்க முடியும். அதனால் ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கமும் இரண்டு முடிவும் இருந்தன. ஸ்ட்ரீமிங்கில் பாட்டு 30 நொடி ஓடினாலே ஒரு கேட்பாகப் பதிவாகிறது. பாட்டு அதிகமானால் எண்ணிக்கையும் அதிகம். நல்ல பாட்டுகளை முன்னால் குவித்து, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடும் ஆல்பங்கள் இதனால் பெருகிவிட்டன. எனவே ஆறு, ஏழு, எட்டாவது பாட்டுகளைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். அங்கே தொய்வில்லாத ஆல்பம் கடைசி வரை தொய்யாது, அநேகமாக. பிறகு கேளுங்கள்: எத்தனை பாட்டை எடுத்துவிட்டாலும் ஆல்பம் குறையாது? ஒன்று, இரண்டு என்றால் மன்னிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் அது பட்டியலின் கீழ்ப்பாதி.

பத்துக்கு இறக்குவது

பத்துக்கு எட்டு, பத்துக்கு ஏழு என்று மார்க் போட வேண்டாம் என்றோம். ஜனவரியில் பசியோடு கேட்டபோது போட்ட எட்டும் ஜூனில் எண்பதாவது ஆல்பத்துக்குப் போட்ட எட்டும் ஒன்றில்லை. தவிர, மே மாதத்துக்குள் எல்லாமே ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் வந்து குவிந்துவிடும். ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே சரி.

ஓர் ஆல்பத்தை எடுத்து, வரிசையின் நடுவில் இருப்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். கேள்வி ஒன்றே: இன்று இரவு ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் எது? புதியது ஜெயித்தால் மேல்பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. பத்து ஆல்ப வரிசையில் அதிகபட்சம் நாலு ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். மூன்று நாளில் மூன்று தடவை வரிசைப்படுத்தி, மூன்றிலும் முதல் மூன்றில் வந்தவற்றை நம்புங்கள். தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஆறாவதிலிருந்து கீழே. அங்கே கிடந்து மல்லாட வேண்டாம்; எண் போடாமல் அகர வரிசையில் வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு மாதவாரியாக எண்ணுங்கள். பத்தில் ஆறு மே, ஜூனில் வந்தவை என்றால் நினைவு ஏமாற்றுகிறது. ஜனவரி, பிப்ரவரி ஆல்பங்களில் இரண்டாம் கேட்புக்குப் போன எல்லாவற்றையும் ஜூன் இரண்டாம் வாரத்தில் இன்னொரு தடவை கேளுங்கள். பட்டியலை மூடும் நாளுக்கு முந்தைய மூன்று வாரத்தில் வந்தவற்றை ‘காத்திருப்பு’ என்று கீழே தனியாகப் போடுங்கள். நாலு கேட்பும் இரண்டு வார இடைவெளியும் அவற்றுக்குக் கிடைத்திருக்காது. வருஷக் கடைசியில் அவற்றுக்கு நியாயம் கிடைக்கும்.

‘எங்கே தெரிந்துகொண்டது’ பத்தியையும் இப்போது பாருங்கள். பத்தில் ஏழு ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் அது அந்த இடத்தின் பட்டியல், உங்களுடையது இல்லை.

ஆறு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால்: செயலியின் கேட்பு வரலாற்றையும் நூலகத்தையும் புரட்டி 30 ஆல்பங்களை எடுங்கள், மாதத்துக்கு ஐந்தாக. வாரம் ஐந்து என்று ஆறு வாரமும் கேளுங்கள். கேட்டுக்கொண்டு வரும்போதே 12-ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இன்னும் இரண்டு தடவை. மொத்தம் 36 மணி, வாரம் ஆறு மணி. நாலாம் கேட்பும் நீண்ட இடைவெளியும் இதில் போய்விடும்; அதனால் பத்துக்குப் பதிலாக ஐந்தோடு நிறுத்துவது நேர்மை.

எழுதுவது

ஒவ்வொரு ஆல்பத்துக்கும்: கலைஞர், ஆல்பம், லேபிள், வெளியான தேதி, பாட்டு எண்ணிக்கை, நிமிஷம், பிறகு 60 முதல் 80 சொல். அந்த எண்பது சொல்லுக்குள் காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒன்றாவது இருக்க வேண்டும். “அற்புதமான ஒலி அனுபவம்” என்பது எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். “நாலாவது பாட்டில் 2:10-இல் டிரம்ஸ் நின்று, கிட்டார் மட்டும் எட்டுத் தாளம் தனியாகப் போகிறது, குரல் திரும்பும்போது ஒரு ஸ்தாயி கீழே” என்பது ஒரு ஆல்பத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முதல் கேட்பில் குறித்த நிமிஷங்கள் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு குறையையும் எழுதுங்கள். குறை சொல்லாத குறிப்பை விளம்பரம் என்று வாசகர் தாண்டிப் போய்விடுவார். “இவரைப்போல, அவரைப்போல” என்ற ஒப்பீடு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

தொடங்க ஒரு பாட்டைச் சொல்லுங்கள். சிங்கிளைச் சொல்லாதீர்கள், அதை அவர்கள் கேட்டிருப்பார்கள். ஆல்பத்தின் குணத்தைக் காட்டும், ஆனால் ஆல்பத்திலேயே கடினமானதாக இல்லாத ஒன்று. பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது பாட்டில் கிடைக்கும்.

வாசகர் எங்கே கேட்பது என்பதையும் போடுங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் உரிமத்தொகை கணக்கில் சேரும். சின்ன இண்டி ஆல்பத்தின் பின்பாதிப் பாட்டுகள் இந்தக் கோட்டைத் தாண்டத் திணறும். பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும் இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களுக்கு 10 சதவீதமும் தளத்தின் பங்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃபிரைடே’ நாள்களில் அந்தப் பங்கையும் தளம் எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலை அப்படி ஒரு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வெளியிட்டால், படித்தவர் வாங்கும்போது பணம் கலைஞரிடம் கூடுதலாகச் சேரும். அதற்காகவே தேதியைத் தள்ளிப்போடுவது தகும்.

கடைசியாகப் பெயர்களைச் சரிபாருங்கள். ஆல்பம் பெயரில் காற்புள்ளி, அடைப்புக்குறி, விசித்திரமான எழுத்துக்கூட்டு எல்லாம் வரும். கலைஞரின் சொந்தப் பக்கத்தில் இருப்பதுபோலவே எழுதுங்கள். ஒலிபெயர்க்கும்போது பேட்டியில் அவரே தன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். ஜூன் 30 அன்று தாளை ஒரு நகல் எடுத்து மூடி வையுங்கள். ஜூலை முதல் வெள்ளிக்குப் புதுத் தாள், ‘காத்திருப்பு’ ஆல்பங்களை முதல் வரிகளாக வைத்து.